நீர்க்காகத்துக்குப் பின்னால் நீ

அன்புள்ள விக்னேஷ்,

அடுத்த புதன்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குள் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு வாரமாக முயன்று பார்த்தேன். நீ சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்தேன். நீ நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா, ரிமோட்டா?" என்று எடுத்து நீட்டினாய். மறுநாள் நீ ஷூ மாட்டும்போது வாசலில் வந்து நின்றேன். "வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரணுமாப்பா?" என்றாய். "பால்" என்று சொல்லிவிட்டேன். அன்று வீட்டில் ஏற்கெனவே மூன்று பாக்கெட் பால் இருந்தது. உன் அம்மா அதில் பால்கோவா கிண்டினாள், நீயும் சாப்பிட்டாய். நம் வீட்டில் அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை. எந்த மனுவாக இருந்தாலும் உன் அம்மாவின் மேஜைக்குப் போய், முத்திரை விழுந்து, பிறகுதான் அடுத்தவர் கைக்கு வரும். இந்த மனுவை மட்டும் அப்படி அனுப்ப முடியாது. அதனால்தான் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், உட்கார்ந்து படி.

நான் அந்தக் கேமராவை ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன் நான். மேஜைக்கு வருகிற உதிரி பாகத்தைப் பார்க்க வேண்டும், நல்லது வலது பக்கம், கெட்டது இடது பக்கம். அளவுகோல் வைப்பதற்கு முன்பே கண்ணால் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஓய்வு பெற்ற முதல் வாரம் அந்தப் பழக்கத்தில் உன் அம்மாவின் தோசைகளை வலதும் இடதுமாகப் பிரித்து வைத்தேன். இரண்டாவது வாரம் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கயாவது போங்க. திரும்பி வரலாம், வேண்டாம்னு சொல்லல. ஆனா போங்க" என்றாள். போகிற இடத்தில் கையில் ஒரு வேலை இருக்க வேண்டாமா? அப்போதுதான் கேமரா வாங்கலாம் என்று தோன்றியது. "போன்லயே நல்லா வருமேப்பா" என்று நீ சொன்னாய். போனில் எனக்கு இரண்டு கஷ்டங்கள் இருந்தன. குருவியைப் பார்த்துக் குறி வைக்கும்போதெல்லாம் செங்கல்பட்டிலிருந்து உன் மாமா கூப்பிடுவார். இன்னொன்று, அந்தப் போன் உன் அம்மாவின் முகத்தைத் தானாகவே வெளுத்து, சுருக்கம் எடுத்து, கன்னத்தை வழித்துக் கொடுத்தது. "யாருங்க இது, உங்க ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களா?" என்று அவளே சந்தேகமாகக் கேட்டாள்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் அனுதாபத்தோடு பார்த்தார். "இன்னா சார் நீங்க, இந்தக் காலத்துல போயி இத்தக் கேக்குறீங்க? கல்யாணத்துக்கு எடுக்குறவன் பெருசா வாங்கினு போறான். மீதிப் பேரு போன்லயே எடுத்துக்கினு கீறான். இது ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கினு முழிக்குது சார்."

"நானும் அப்படித்தாம்பா இருக்கேன். எடுத்துக் காட்டு" என்றேன்.

அவர் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். பட்டனை அழுத்தியதும் சின்னக் கேமராவின் மூக்கு நீண்டது. இன்னும் அழுத்தினார், இன்னும் நீண்டது. "முப்பது மடங்கு ஜூம் சார். தோ அங்க பாருங்க" என்று ரோட்டுக்கு எதிர்ப்புறம் திருப்பினார். எதிர்ச்சாரியில் மருந்துக் கடை வாசலில் நின்ற ஒருவர் கையில் இருந்த சீட்டில் டாக்டரின் கையெழுத்து தெரிந்தது. எழுத்து தெரிந்ததே தவிர என்ன எழுதியிருக்கிறது என்று புரியவில்லை, ஆனால் அது கேமராவின் குறை இல்லை. அந்த இடத்திலேயே வாங்கிவிட்டேன். இதில் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொருள் வாங்கும்போது கடைக்காரர் எதைக் காட்டி நம்மை மயக்குகிறாரோ, பின்னால் அதுவேதான் நம்மை வம்பில் மாட்டிவிடும். என் விஷயத்தில் அது அந்த ஜூம்.

முதல் பத்து நாள் நான் எடுத்த படங்களில் பாதி என் கட்டைவிரல். மீதி மின்விசிறி. அணைத்துவிட்டோம் என்று நினைத்துப் பையில் போட்டதில் சட்டைப் பையின் உட்புறத்தை மட்டும் எழுபது படம் எடுத்திருந்தது. உன் அம்மா சட்டம் போட்டாள்: சாப்பிடும்போது எடுக்கக் கூடாது, தூங்கும்போது எடுக்கக் கூடாது, மற்ற நேரத்தில் தன்னை எடுக்கவே கூடாது. குடியிருப்பு சங்கச் செயலாளர், மாடியில் கேமராவோடு நிற்கக் கூடாது, எதிர் பிளாட்காரர்கள் துணி காயப்போட யோசிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் நான் அம்பத்தூர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நீர்க்காகங்களுக்கும் முக்குளிப்பான்களுக்கும் ஆட்சேபணை இல்லை. தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டேன். பட்டனைப் பாதி அழுத்திப் பிடிக்க வேண்டும், கேமரா ஒரு பச்சைக் கட்டம் காட்டும், அதற்குப் பிறகுதான் முழுதாக அழுத்த வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். கற்றும் எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் லேசாகப் பனி மூடின மாதிரி இருந்தது. லென்ஸைத் துடைத்தேன். திரையைத் துடைத்தேன். இரண்டு தடவை கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் இரண்டு தடவையும் படத்தைப் பார்த்துவிட்டு, "பளபளன்னு கீது சார்" என்றார். பொருளை விற்றவன் அப்படித்தான் சொல்வான் என்று திரும்பி வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பெரிய தப்பைச் செய்தேன். ஒரு நாள் மாமா போன் செய்தார். "அத்தான்" என்று ஒருபோதும் அழைக்காதவர், "மச்சான்" என்று பேர் சொல்வது மாதிரி கூப்பிடுகிறவர், அன்றைக்கு "மாப்ளே" என்று ஆரம்பித்தார். அப்போதே எனக்கு உஷார் வந்திருக்க வேண்டும். "நம்ம ரம்யாவுக்கு வரன் பாக்குறோம். வெளியில எதுக்கு அலையணும், விக்னேஷ் இருக்கானே" என்றார். எதிரே ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டிருந்தது. பேச்சை முடித்தால் படம் எடுக்கலாம். "தாராளமா செய்யலாம்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பறவைக்காக உன் வாழ்க்கையை எழுதிக் கொடுத்தேன் என்று நீ நினைக்கக் கூடாது. அம்மாவின் தம்பி மகள், அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றும் நினைத்தேன். அன்று இரவுச் சாப்பாட்டில், "ரம்யா நல்ல பொண்ணு" என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நீ "ம்" என்றாய். அந்த "ம்"மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நீ அப்பளம் மென்றுகொண்டிருந்தாய் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் நீ பெருங்குடி ஆபீஸில் முக்கியமான மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனாய். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நான் ஏரிக்கரையில் இருந்தேன். நடுவில் நட்டிருந்த ஒரு கம்பத்தின்மேல் நீர்க்காகம் ஒன்று உட்கார்ந்து இறக்கையை உலர்த்தியது. முப்பது மடங்கையும் இழுத்து, மூச்சைப் பிடித்து, பாதி அழுத்தி, முழுதாக அழுத்தினேன். வீட்டுக்கு வந்து கேமராவை ஒயர் போட்டு டி.வி.யில் இணைத்தேன். பறவை மொத்தமாகக் கலங்கிப் போயிருந்தது. கறுப்பாக ஒரு குடை மாதிரி ஏதோ நின்றது. என்ன ஆயிற்றென்றால், அந்தப் பச்சைக் கட்டம் பறவையின்மேல் விழாமல், பின்னால் எதிர்க்கரையில் இருந்த டீக்கடையின்மேல் விழுந்துவிட்டது. அங்கே எல்லாம் தெளிவு. டீக்கடைப் பெஞ்சு, அதில் நீ, உன் பக்கத்தில் ஒரு பெண். அவள் கையில் பாதி மிளகாய் பஜ்ஜி. மீதிப் பாதி உன் வாயில். எண்ணெய் என்று சொல்லி உன் அம்மா சுட்ட பஜ்ஜியைக் காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுக்கிற நீ, நாற்பத்து மூன்று அங்குலத் திரையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். சமையலறையிலிருந்து உன் அம்மா, "படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஒயரைப் பிடுங்கினேன். "என்னங்க?" என்றாள். "காக்கா சரியா விழல" என்றேன். அது முழுப் பொய்யும் அல்ல.

அப்போதே உன்னிடம் கேட்டிருக்கலாம். பெற்றவன் என்கிற உரிமையோடு கேட்டிருக்கலாம், இல்லை, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்கிற மாதிரியாவது கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? அடுத்த செவ்வாய்க்கிழமை தொப்பியைப் போட்டுக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், ஒரு பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றேன். முதல் சாம்பிள் குறையாக வந்தால் இரண்டாவது சாம்பிள் எடுத்துப் பார்ப்பது என் தொழிலின் விதி. நீங்கள் இருவரும் வந்தீர்கள். சூரியன் இறங்கி வெளிச்சம் மங்கியிருந்தது. நீ காதில் மாட்டியிருந்ததைத் தொட்டு, "எஸ், எஸ், ஷேரிங் மை ஸ்க்ரீன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே மடிக்கணினியோடு கரையில் அந்தக் கோடி வரைக்கும் நடந்து போனாய். பெண் மட்டும் பெஞ்சில் இருந்தாள். முகத்தைச் சரியாகப் பார்க்கலாம் என்று பாதி அழுத்தினேன். கேமரா முதலில் ஒரு செம்மஞ்சள் விளக்கை எரித்தது. முழுதாக அழுத்தியதும், நான் கேட்காமலேயே, அதன் தலையிலிருந்து ஒரு மூடி டப்பென்று திறந்து ஃப்ளாஷ் அடித்தது. மரம், நான், தொப்பி எல்லாம் ஒரு நொடி பகல் போலத் தெரிந்தோம். டீக்கடையில் இருந்த நாய் குரைத்தது.

அந்தப் பெண் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். ஓடலாமா என்று யோசித்தேன். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அங்கிள், இருட்டா இருந்தா அதுவாவே ஃப்ளாஷ் போட்டுடும். இந்தப் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா நின்னுடும்" என்று கேமராவை வாங்கி அழுத்திக் காட்டினாள். "அப்புறம், அவ்வளவு தூரத்துக்கு இந்த ஃப்ளாஷ் எட்டாது அங்கிள். நீங்க மட்டும்தான் தெரிவீங்க."

"நான் மீன்கொத்தியை..." என்றேன்.

"பெரிய தொப்பி, சின்னக் கேமரா. விக்னேஷ் சொல்லிருக்காரு. நான் பவித்ரா. திருவேற்காடு" என்றாள், ஏதோ பஸ் கண்டக்டரிடம் இடம் சொல்வது போல.

 மகன் காதலிக்கிற பெண்ணிடம் முதல்முதலாக ஒரு தகப்பன் பேச வேண்டியது என்னவெல்லாமோ இருக்கும். நான் சொன்னது, "இந்தக் கேமராவில் எல்லாம் பனி மூடின மாதிரி வருதும்மா" என்பதுதான். அவள் என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "எங்க அங்கிள் பனி? நல்லா பளிச்சுனு இருக்கே" என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "அந்த டீக்கடை பல்பைப் பாருங்க. அதைச் சுத்தி வளையம் மாதிரி தெரியுதா?"

"தெரியுது. எல்லாருக்கும் தெரியுறதுதானே?"

"இல்ல அங்கிள். எல்லாருக்கும் தெரியாது" என்றாள். அவள் பூந்தமல்லியில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சனிக்கிழமை காலைல வாங்க, நான் இருப்பேன். இப்ப அந்தப் பக்கமா போயிடுங்க. அவரு போன் பேசி முடிச்சுட்டு வர்றாரு." நான் அவள் சொல் கேட்டு அந்தப் பக்கமாகப் போனேன். வேவு பார்க்கப் போனவனுக்குத் தப்பிக்க வழி சொல்லி அனுப்பியது வேவு பார்க்கப்பட்டவள். அதுதான் உன் பவித்ரா.

சனிக்கிழமை உன் அம்மாவிடம் பழைய சகா ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூந்தமல்லி போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது, இரண்டு மூன்று வருஷமாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது, விக்னேஷ். கேமராவைப் பற்றி அல்ல. வேலையில் கடைசி இரண்டு வருஷம் நான் இடது பக்கம் தள்ளிய பாகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. பளபளப்பு போதாது, மேலே மங்கல் இருக்கிறது என்று லேத் ஓட்டுகிற செல்வத்தை எத்தனை தடவை கூப்பிட்டுத் திட்டியிருக்கிறேன். "சார், நல்லாதான சார் இருக்கு" என்று அவர் சொன்னபோதெல்லாம் என் கண்ணைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டிருக்கிறேன். மருத்துவமனை வாசலிலிருந்தே செல்வத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நல்லதுன்னு பாஸ் பண்ணீங்களே சார், அதெல்லாம் எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டார். 

அறுவை சிகிச்சைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றதால் உன் அம்மாவிடம் கண் விஷயத்தைச் சொன்னேன். நீ அப்போது ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தாய், கேட்டதும் வருவதாகச் சொன்னாய், நாங்கள்தான் வேண்டாம் என்றோம். மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டது, கையைப் பிடித்து அழைத்துப் போனது, உன் அம்மாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்தது, எல்லாம் பவித்ரா. அவள் யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். பருத்திப்பட்டு தாண்டும் வரை உன் அம்மா அந்தப் பெண்ணின் பொறுமையைப் பற்றியே பேசினாள். "சர்க்கரை இல்லாம காபி குடிக்கிறா, இந்த வயசுல எவ்வளவு கட்டுப்பாடு பாருங்க. எந்த வீட்டுக்குப் போகக் குடுத்து வெச்சிருக்கோ" என்றாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நம்ம வீட்டுக்குத்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் காட்டினேன்.

"கண்ணு ஆபரேஷனுக்குக் கேமராவைத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்றாள் முதலில். பிறகு படத்தைப் பார்த்தாள். பார்த்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "காலைல நாலு இருபதுன்னு போட்டிருக்கு! விடியக் காலைல இவன் அந்தப் பொண்ணோட ஏரிக்கரையில என்ன பண்றான்?"

"அது சாயங்காலம். நேரம் வைக்கும்போது காலை மாலையை மாத்தி வெச்சுட்டேன்."

"முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அடுத்து மாமாவுக்குக் கொடுத்த வாக்கையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சந்தோஷத்துக்காகத்தான் செய்தேன் என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் தெரிந்தது. "என் சந்தோஷமா? என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியாதா? இப்பவே வந்தா பத்து நாள் இருக்கான். சம்பந்தின்னு ஆயிட்டா செங்கல்பட்டு வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்கயே வந்துடுவான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?"

ஆட்டோக்காரர் இவ்வளவு நேரமும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டே திரும்பினார். "நடுவுல பேசறேன்னு நெனைக்காதீங்க அண்ணாத்தே. அந்தப் பொண்ணு உங்களப் புட்ச்சிக்கினு வந்து வண்டில ஏத்தி உட்டுச்சே, நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். பேசாம கட்டி வெச்சிடுங்க. அக்கா சொல்றதும் கரெக்டுதான், மச்சான ஊட்டுல சேர்க்காதீங்க." உன் கல்யாணம் முதன்முதலில் நிச்சயமானது அங்கேதான், ஆவடி ரோட்டில், மூன்று பேர் முன்னிலையில்.

இரண்டாவது கண்ணும் முடிந்த பிறகு ஒரு நாள் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன். பனி என்று நான் நினைத்தது எதுவுமே இல்லை. ஏரித் தண்ணீர் நீலமாக இருந்தது. நான் அதைப் பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடைப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பஜ்ஜிக்கு அடுத்து இன்னும் இரண்டு படம் எடுத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். அவற்றில் நீ பேசிக்கொண்டிருந்தாய். இரண்டு கையையும் தூக்கி, புருவத்தை உயர்த்தி, பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து வந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உனக்கு அப்படிப் பேச வரும் என்றே எனக்குத் தெரியாது. இருபத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நீ இயல்பாகவே பேசாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பேச்சை எல்லாம் நீ வேறெங்கும் தொலைத்துவிடவில்லை, கேட்க உட்காருகிற ஆளிடம் கொடுத்திருக்கிறாய். அந்த இரண்டு படங்களையும் அழிக்கவில்லை. மற்றபடி, வேவு பார்த்தது தப்பு. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்த வாரமே செங்கல்பட்டு போனேன். போனில் கொடுத்த வாக்கைப் போனிலேயே திருப்பி வாங்குவது சரியில்லை என்று உன் அம்மா சொல்லிவிட்டாள், ஆனால் கூட வர மறுத்துவிட்டாள். மாமா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். காபி வரவில்லை. "மாமா ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று நீ கேட்டபோது மூட்டு வலி என்று சொன்னேனே, அவர் மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பத்திரிகை வைக்கப் போனபோதும் வாங்கிக்கொண்டார், பேசவில்லை. அதற்குக் காரணம் நான், நீ அல்ல. கல்யாணத்துக்கு வந்து உன்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நீ வருத்தப்படாதே. அன்றைக்கு என்னை வாசல் வரை வந்து வழியனுப்பியது ரம்யா மட்டும்தான். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். விக்னேஷுக்கு வேறு இடத்தில் விருப்பம், நான் அவனைக் கேட்காமல் பேசிவிட்டேன் என்றேன்.

"பரவால்ல மாமா" என்றாள். செருப்பை எனக்கு நேராகத் திருப்பி வைத்தாள். "என்னையும் யாரும் கேக்கல."

மூன்று மாதம் கழித்து நீயே பவித்ராவை வீட்டுக்கு அழைத்து வந்தாய். அன்று நாங்கள் மூன்று பேரும் நடித்த நடிப்பைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் நின்று, "இதுதான் பொண்ணா? பேர் என்னம்மா?" என்று நான் கேட்டேன். "பவித்ரா அங்கிள்" என்றாள் அவள், கண்ணை இமைக்காமல். "எந்தப் பக்கம்?" என்றேன். "திருவேற்காடு அங்கிள்" என்றாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. உன் அம்மா டம்ளரோடு வந்து, "உனக்குச் சர்க்கரை போடல" என்று நீட்டினாள். நீ நிமிர்ந்து, "எப்படிம்மா தெரியும்?" என்றாய். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்று உன் அம்மா சொன்னாள். நீ நம்பினாய். அன்று உன் நண்பர்களிடம், "எங்கப்பா ஒரே நிமிஷத்துல ஒத்துக்கிட்டாருடா, அப்படி ஒரு மனசு" என்று போனில் சொன்னது எனக்குக் கேட்டது. உள்ளே உட்கார்ந்து அந்தப் பாராட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். அது எனக்குச் சேர வேண்டியது அல்ல. நான் மரத்துக்குப் பின்னால் நின்று பிடிபட்டவன்.

நீ வண்டியை எடுக்கக் கீழே போனபோது பவித்ராதான் சொன்னாள்: "அங்கிள், கல்யாணத்துக்குள்ள நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட எதையும் மறைச்சு வைக்க மாட்டேன்." கெடு வைத்தது அவள்தான். இதை மறைத்ததற்காக அவளிடம் கோபப்படாதே. சொல்ல வேண்டியவனே சொல்லட்டும் என்று எனக்காகக் காத்திருந்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் இப்படி ஒரு குணம் இருப்பதைக் கண்ணில் புரை இருந்த நானே முதலில் கண்டுபிடித்தேன் என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை இவ்வளவு தூரம் படித்த நீயே முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ரம்யா சொன்ன அந்த மூன்று வார்த்தை பஸ்ஸில் திரும்பி வரும்போதும் போகவில்லை, இப்போதும் போகவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்காமலே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வலது இடது என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். நேற்று மத்தியானம் உன் அம்மா கல்யாணத்துக்குத் தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ரிமோட் அங்க இருக்கு" என்றாள். அது வேண்டாம் என்றேன். "கல்யாணம் முடிஞ்சப்புறம் உனக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டேன்.

அவள் யோசிப்பாள், எனக்கென்ன ஆசை என்று சொல்வாள், வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். பைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ரயில்ல போகணும். மூணு நாள் போற ரயிலா இருக்கணும். எங்க போகுதுங்கறது முக்கியமில்ல. எனக்கு ஜன்னல் சீட்டு. காலைல டீ, மத்தியானம் சாப்பாடு, எல்லாத்தையும் யாராவது கொண்டாந்து கைல குடுக்கணும். மூணு நாளும் நான் எதையும் கிண்டக் கூடாது. நீங்க வேணா வாங்க, ஆனா நல்லா இருக்கு நல்லா இல்லன்னு எதையும் சொல்லக் கூடாது."

"இது எப்பலேருந்து?" என்றேன்.

"நமக்குக் கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து" என்றாள்.

உங்கள் மறுவீட்டு விருந்து முடிந்த நாலாம் நாள் கிளம்புகிறோம். ரயில் அசாம் வரைக்கும் போகிறது. அங்கே எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. போய் இறங்கிய கையோடு அடுத்த ரயிலில் திரும்புவதா என்பதை உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

உன்
அப்பா